வாக்குத்தத்த அட்டையில் இடம் பெறாத வசனங்கள்

டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்து வெளியே வருகிறவர்கள் கையில் ஒரு சின்ன அட்டை இருக்கும். புது வருஷத்துக்கான வாக்குத்தத்த வசனம். சின்னசேலமோ சென்னையோ, தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு இது பழகிய காட்சிதான். அப்படிப்பட்ட அட்டைகளில் அடிக்கடி வருவது எரேமியா 29:11. தேவன் தம் ஜனத்துக்கு நன்மையையே நினைத்திருக்கிறார் என்பது அதன் கருத்து.

சரி, அது யாருக்கு எழுதினது? அட்டையில் அது இருக்காது. அதிகாரத்தைத் திறந்தால்தான் தெரியும்.

அது ஒரு கடிதம். எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா அனுப்பியது. அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்யுங்கள், அந்த ஊரின் நன்மைக்காக ஜெபியுங்கள் என்கிறது கடிதம். 11-ம் வசனத்துக்கு முந்தின வசனம் ஒரு கணக்கும் சொல்கிறது: 70 வருஷம் ஆகும். அதாவது, கடிதத்தைக் கேட்ட பெரியவர்களில் பலர் ஊர் திரும்பப்போவதில்லை.

இன்னும் ஒரு பக்கம் பின்னால் போங்கள். 28-ம் அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று ஆலயத்தில் எல்லார் முன்பும் சொல்கிறான். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அது பொய் என்கிறார் எரேமியா.

இப்போது அந்த வசனம் வேறு மாதிரி கேட்கிறது, இல்லையா? சீக்கிரம் எல்லாம் மாறும் என்ற பேச்சுக்கு மறுப்பாக வந்த வாக்குத்தத்தம் அது. அட்டையை மட்டும் வைத்திருப்பவர், மார்ச் மாதம் வரைக்கும் வேலை கிடைக்கவில்லை, வியாதி குணமாகவில்லை என்றால், "என் விசுவாசம் பத்தலையோ" என்று தன்னையே குற்றம் சொல்லிக்கொள்வார். அதிகாரம் முழுவதையும் வாசித்தவருக்கும் அதே கஷ்டம்தான். ஆனால் காத்திருக்கும் காலத்திலும் தோட்டம் போடலாம் என்பது அவருக்குத் தெரியும். வாசிப்பு ஆவிக்குரிய வளர்ச்சி தரும் என்று சொல்வதன் அர்த்தம் எனக்கு இதுதான்.

அசைபோடுதல்

12-ம் நூற்றாண்டில் வாழ்ந்த இரண்டாம் குய்கோ என்ற துறவி இதை நான்கு படிகளாகப் பிரித்தார்: வாசிப்பு, தியானம், ஜெபம், தேவனோடு அமைதியாக இருத்தல். சாப்பாட்டை வைத்து விளக்கினார். வாசிப்பு உணவை வாயில் வைக்கிறது, தியானம் மெல்லுகிறது. நமக்கு இது புதுசு இல்லை. நல்ல மாணாக்கனுக்குப் பசுவை உவமையாகச் சொல்கிறது நன்னூல். மேய்ந்துவிட்டு வந்து, பிறகு அசைபோடும் பசு.

அசைபோட எவ்வளவு காலம் ஆகும்? எச்.ஏ. கிருஷ்ண பிள்ளையைப் பாருங்கள். திருநெல்வேலிப் பக்கம் 1827-ல் வைணவக் குடும்பத்தில் பிறந்தவர், கம்பராமாயணத்தில் ஊறியவர். 1858-ல் ஞானஸ்நானம் பெற்றார். ஜான் பன்யன் 1678-ல் வெளியிட்ட 'மோட்சப் பயணம்' அவர் மனதைப் பிடித்துக்கொண்டது. அந்தக் கதையைத் தழுவி அவர் பாடிய 'இரட்சணிய யாத்திரிகம்' நூலாக வந்தது 1894-ல். ஞானஸ்நானத்துக்கும் நூலுக்கும் நடுவே 36 வருஷம்! பன்யனுடைய பயணி அதற்குள் தமிழ் விருத்தத்தில் நடக்கக் கற்றுக்கொண்டான். கம்பனில் கற்றதையும் அவர் தூக்கிப் போடவில்லை. அதுவே பாட்டுக்குக் கருவி ஆனது.

எப்படி ஆரம்பிக்கலாம்?

ஒரு வசனம் பிடித்திருந்தால் அதன் அதிகாரத்தையும், முடிந்தால் முந்தின அதிகாரத்தையும் வாசியுங்கள். யார், யாருக்கு, எந்த நிலையில் சொன்னது என்று கேளுங்கள். பெரோயா ஊரார் பவுல் சொன்னதையே வேதத்தில் சரிபார்த்தார்கள். அப்போஸ்தலர் 17 அதைக் குறையாக அல்ல, நற்குணமாகச் சொல்கிறது. புரியாத இடத்தில் கூட ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்போஸ்தலர் 8-ல் ரதத்தில் உட்கார்ந்து ஏசாயாவை வாசித்த எத்தியோப்பிய மந்திரிக்கும் விளக்கிச் சொல்ல ஒரு பிலிப்பு தேவைப்பட்டார்.

ஒரு நாளைக்கு எத்தனை அதிகாரம் என்ற கணக்கு அவ்வளவு முக்கியம் இல்லை. வாசித்தது மத்தியானம் வேலைக்கு நடுவே ஒரு தடவை ஞாபகத்துக்கு வந்தால், அசைபோட ஆரம்பித்துவிட்டீர்கள்.