முதுமையும் இசையும்

குரல் தளர்ந்த முதுபாடகர் மேடையேறலாமா என்பது இசையன்பரிடையே நெடுநாளாய் நிலவும் வினா. இங்கிலாந்தின் கிளாஸ்ரன்பரி விழாவில், 2022ஆம் ஆண்டு ஜூன் 25ஆம் நாள், போல் மக்கார்ட்னி நிகழ்த்திய றொக் இசைக் கச்சேரியின் ஒளிப்பதிவைக் கண்டபின் அதற்கு நான் விடை பெற்றேன்.

அன்று அவருக்கு அகவை 80 நிறைந்து 7 நாள்களே ஆகியிருந்தன. இளமையில் எளிதாய் உயர்ந்த குரல் மேல்ஸ்தாயியில் நடுங்கிற்று. ஆயினும் இரண்டரை மணி நேரத்துக்கு மேலாகச் சோர்வின்றிப் பாடினார்.

1980இல் சுட்டுக் கொல்லப்பட்ட தோழர் யோன் லெனன் திரையிலே தோன்ற, அவரோடு இணைந்து பாடிய கட்டமே என் நெஞ்சை உருக்கியது. 1969இல் இலண்டனில் ஒரு கட்டிடக் கூரைமீது பீற்றில்ஸ் குழுவினர் பாடிய பதிவிலிருந்து, திரைப்பட இயக்குநர் பீற்றர் ஜாக்சன் லெனனின் குரலைப் பிரித்தெடுத்து உதவியிருந்தார். அப்பாடலோ, இருவரும் தனித்தனியே முடிக்காது விட்ட இரு பாடல்களின் இணைப்பு. ஒருவர் இன்றேல் அது பாதிப் பாட்டே.

இறந்தாரைப் பொறியாற் பாடுவித்தல் போலியன்றோ எனச் சிலர் வினவுவர். அது பொறி புனைந்த குரலன்று. லெனன் உண்மையாகவே பாடியது. வடக்கிருந்த கோப்பெருஞ்சோழன் பிசிராந்தையாருக்கு இடம் ஒதுக்கச் சொன்னதை நாம் போற்றவில்லையா? இவரும் தோழருக்குப் பாட்டிலே இடம் விட்டு, அவையை மறந்து திரையை நோக்கி நின்றார்.

இளங்குரலோர் ஆயிரவர் அப்பாடலைப் பாடலாம். அவ்விடத்தை விட்டு நிற்கும் உரிமை அவர் ஒருவருக்கே உண்டு. ஆதலின், முதியோர் மேடையேறுக என்பதே என் துணிபு.