டிக்கெட் ஒன்று, திரை ஆயிரம்

சென்னை எழும்பூர் – தாம்பரம் புறநகர் ரயில் தடத்தில் காகிதமில்லா டிக்கெட்டை 2015 ஏப்ரல் 22 அன்று தொடங்கிவைத்தார் அப்போதைய ரயில்வே அமைச்சர் சுரேஷ் பிரபு. அதற்கான செயலியை உருவாக்கியது ரயில்வேயின் கணினி அமைப்பான கிரிஸ். கவுன்ட்டரில் தரும் சீட்டு எல்லோருக்கும் ஒரே அளவு. செயலியில் எடுத்தாலோ, பயணியின் போன் திரைதான் சீட்டு. பரிசோதகர் படிப்பதும் அதைத்தான்.

அந்தத் திரை என்ன அளவு? யாராலும் சொல்ல முடியாது. அதே ஆண்டு ஓப்பன்சிக்னல் நிறுவனத்தின் கணக்கில் வந்த ஆண்ட்ராய்டு கருவி வகைகள் மட்டும் 24,093. ஐபோனுக்குச் செயலி செய்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள். 2012இல் ஐபோன் 5 வரும்வரை எல்லாமே 3.5 அங்குலம்தான்.

பிக்சல் கணக்கில் பட்டன் வரைந்தால் வம்பு. 96 பிக்சல் பட்டன், அங்குலத்துக்கு 160 பிக்சல் உள்ள திரையில் 15 மில்லிமீட்டர் இருக்கும். 480 உள்ள திரையில் 5 மில்லிமீட்டராகச் சுருங்கிவிடும். ஓடுகிற ரயிலில் அதை யார் சரியாகத் தொடுவது? அதற்காகவே ஆண்ட்ராய்டில் ‘டிபி’ என்ற அலகு வைத்திருக்கிறார்கள். ஏறத்தாழ அங்குலத்தில் 160இல் ஒரு பங்கு. விரல் படும் எதுவும் 48 டிபிக்குக் குறையக் கூடாது என்கிறது கூகுள்.

திரையின் அகலத்துக்கும் இதே அலகுதான். 600 டிபிக்குள் ஒரு வடிவமைப்பு, 840 வரை இன்னொன்று, அதற்கு மேல் வேறொன்று. போன் மாடலைப் பார்த்து முடிவெடுப்பது வீண் வேலை. திரையை இரண்டாகப் பிரித்தால் அதே போனில் செயலிக்குப் பாதி இடம்தான் கிடைக்கும்.

தமிழுக்குச் சோதனை இன்னும் கடுமை. தாம்பரத்துக்குத் தெற்கே போனால் கூடுவாஞ்சேரி, சிங்கப்பெருமாள் கோவில் என்று நீளமான ஊர்ப்பெயர்கள். ஆண்ட்ராய்டு 14 முதல் எழுத்தை இரண்டு மடங்குவரை பெரிதாக்கலாம். வெள்ளெழுத்துக்காரர் அப்படிச் செய்ததும் ‘சிங்கப்பெரு...’ என்று பெயர் அறுந்து நிற்கும். பெட்டியின் உயரத்தை மாறாதபடி வைத்திருந்தால் ‘கூ’வின் கீழ்ச்சுழியும் போய்விடும்.

அதே கூடுவாஞ்சேரிப் பக்கம் இயங்கும் மென்பொருள் நிறுவனமான ஜோஹோவின் ‘அரட்டை’ செயலி, கைபேசியோடு நில்லாமல் ஆண்ட்ராய்டு டிவிவரை போயிருக்கிறது. பெரிய திரைகளுக்கு விதியும் வந்துவிட்டது: ஆண்ட்ராய்டு 16க்கென உருவாக்கும் செயலிகள், குறுகிய பக்கமே 600 டிபியோ அதற்கு மேலோ உள்ள திரைகளில் ‘நிமிர்ந்துதான் நிற்பேன்’ என்று பொதுவாக அடம்பிடிக்க முடியாது. விளையாட்டுகளுக்கு விலக்கு உண்டு.

உங்கள் போனில் ஊர்ப்பெயர் வெட்டுப்பட்டால், பிளே ஸ்டோர் விமர்சனத்தில் போன் மாடலையும் எழுத்தளவையும் சேர்த்து எழுதுங்கள். ‘சரியில்லை’ என்று மட்டும் எழுதினால், சரிசெய்பவருக்கு எங்கே தேடுவதென்றே தெரியாது.