மதுரையைவிடக் கிட்டே யாழ்ப்பாணம்!

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் வட்டாரத்து நேயர்களுக்கு ஒரு சின்னக் கேள்வி. மீனம்பாக்கத்தில் விமானம் ஏறினால் எது கிட்டே? மதுரையா, யாழ்ப்பாணமா?

"இதென்ன கேள்வி, மதுரைதான்!" என்கிறீர்களா? வீட்டுப் பிள்ளையின் பள்ளிக்கூட அட்லாஸை எடுத்து, அளவுகோலை வைத்துப் பாருங்கள். மதுரை விமான நிலையம் நேர்கோட்டில் சுமார் 415 கிலோ மீட்டர். யாழ்ப்பாணத்துப் பலாலியோ சுமார் 355தான்! பலாலி நமக்கு நூல் பிடித்தாற்போல் நேர் தெற்கே இருக்கிறது. மதுரைக்கு மேற்கே வேறு ஒதுங்கிப் போகவேண்டும்.

அப்படியானால் பிரயாண நேரம்? இந்த வழியில் பறப்பது ஏ.டி.ஆர். 72 என்ற, இறக்கையில் விசிறி சுழலும் சிறு விமானம். மணிக்குச் சுமார் 500 கிலோ மீட்டர் போகும். கணக்குப்படி முக்கால் மணி போதும். ஆனால் டிக்கெட்டில் ஒன்றேகால் மணிக்குக் குறையாமல் போட்டிருப்பார்கள். ஓடுபாதை வரையில் ஊர்ந்து போவது, முறை வரும் வரையில் நிற்பது, மேலே ஏறுவது, கீழே இறங்குவது எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் அந்த நேரம்.

ஒன்றேகால் மணி அதிகம் என்று அலுத்துக்கொள்ளாதீர்கள். இந்த வழி அடைபட்டிருந்த காலத்தில் யாழ்ப்பாணத்தார் பட்ட பாடு அப்படி!

இலங்கையின் ஏர் சிலோன் கம்பெனி 1947 டிசம்பர் 10-ந் தேதி தன் முதல் சேவையைத் தொடங்கியபோதே, அந்த டகோட்டா விமானம் ரத்மலானையிலிருந்து கிளம்பி, காங்கேசன்துறையை அடுத்த பலாலியில் இறங்கித்தான் சென்னைக்கு வந்தது. பிறகு 1983-ல் மூண்ட யுத்தம். பலாலியைச் சுற்றியிருந்த ஊர்கள் ராணுவத்தின் பாதுகாப்பு வளையத்துக்குள் போயின. குடியிருந்தவர்கள் வீடுவாசலை விட்டுக் கிளம்பினார்கள். சென்னை விமானம் என்ற பேச்சே இல்லாமல் போயிற்று.

அதன் பிறகு சென்னையிலிருந்து ஊருக்குப் போக நினைத்தவருக்குக் கொழும்புதான் வழி. மீனம்பாக்கத்திலிருந்து கட்டுநாயக்கா சுமார் 645 கிலோ மீட்டர். மறுபடியும் அளவுகோலை வையுங்கள். அந்தக் கோடு யாழ்ப்பாணத்தின் தலைக்கு மேலேயே போகிறது! சொந்த ஊரை வானத்தில் தாண்டிப் போய், கொழும்பில் இறங்கி, வந்த வழியே வடக்கு நோக்கி ராத்திரி முழுவதும் பஸ்ஸில் திரும்ப வேண்டும். சாவு வீட்டுக்குப் புறப்பட்டவர் கதியை நினைத்துப் பாருங்கள்!

2019 அக்டோபர் 17-ந் தேதி பலாலி, யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. நவம்பரில் அலையன்ஸ் ஏர் விமானம் சென்னையிலிருந்து ஒழுங்காகப் போகத் தொடங்கியது. நாலு மாதம்தான், கொரோனா வந்து கதவைச் சாத்திவிட்டது. மறுபடி பறந்தது 2022 டிசம்பர் 12-ல். 2024 செப்டம்பரில் இண்டிகோவும் சேர்ந்துகொண்டது.

தாம்பரத்துக்காரர்களுக்கு இதில் ஒரு சௌகரியம் உண்டு. மின்சார ரயிலில் நாலாவது ஸ்டேஷனான திரிசூலத்தில் இறங்கினால் எதிரே விமான நிலையம். மதுரைக்கு வேண்டாத பாஸ்போர்ட் மட்டும் கையில் இருக்கட்டும். கைக்கடிகாரத்தைத் திருப்பவேண்டிய வேலை இல்லை. 1996 முதல் பத்து வருஷம் இலங்கைக் கடிகாரம் நமக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. 2006 ஏப்ரலிலிருந்து இரண்டு கரையிலும் ஒரே மணிதான்.