சொல்லக் கூசும் அரிப்பு: ஈஸ்ட் தொற்றை அறிவோம்

காய்ச்சல், தலைவலி, முதுகுவலி முதலியவற்றை நாம் அண்டை வீட்டாரிடமும் தயங்காமல் கூறுகின்றோம். மறைவிடத்தில் தோன்றும் அரிப்பையோ வீட்டாரிடமும் கூறுவதில்லை. கூச்சத்தால் மருத்துவரிடம் செல்லாமல், யாரோ கொடுத்த களிம்பைத் தடவிக்கொண்டு மாதக்கணக்கில் துன்புறுவோர் உளர். இத்தகைய அரிப்புக்கு அடிக்கடி காரணமாக அமைவது ஈஸ்ட் தொற்றாகும். எளிதில் குணமாகக்கூடிய இந்நோயைப் பற்றி இக்கட்டுரையில் விளக்குவோம்.

ஈஸ்ட் என்பது யாது?

ரொட்டி மாவைப் பொங்கச் செய்வதும், கள்ளை நுரைக்கச் செய்வதும் ஈஸ்ட் என்னும் நுண்ணுயிரே. காளான் இனத்தைச் சேர்ந்த இவ்வுயிர்களுள் கேண்டிடா என்பது ஒரு வகை. அது நம் வாயிலும் குடலிலும் தோலிலும், பெண்களின் பிறப்புறுப்பிலும் சிறிய அளவில் இயல்பாகவே வாழ்கின்றது. உடலில் உள்ள நன்மை தரும் பாக்டீரியாக்களும் நோயெதிர்ப்பு ஆற்றலும் அதனை அடக்கி வைத்துள்ளன. இக்கட்டுப்பாடு தளரும்போது அது பெருகி நோயாக மாறுகின்றது.

கட்டுப்பாடு ஏன் தளர்கின்றது? ஓயாத ஈரமும் வெப்பமும் முதற் காரணம். விடியற்காலையில் பனி படர்ந்த புல்லில் நடந்து, வியர்வையில் நனைந்து பால் வெட்டுவோருக்கு, இறுகிய ஆடைக்குள்ளும் காலணிக்குள்ளும் தோல் ஊறிப்போகின்றது. பாக்டீரியாவைக் கொல்லும் மருந்துகளை உண்ணும்போது நல்ல பாக்டீரியாக்களும் அழிவதால் ஈஸ்ட் பெருகக்கூடும். கருவுற்ற காலம், நீரிழிவு நோய், நோயெதிர்ப்பைக் குறைக்கும் மருந்துகள் ஆகியவையும் காரணங்களாகும்.

அறிகுறிகள்

பெண்களுக்குப் பிறப்புறுப்பில் கடும் அரிப்பும் எரிச்சலும் தோன்றும். தயிர்த் திப்பி போன்ற வெள்ளை நிறக் கசிவு வெளிப்படலாம். சிறுநீர் கழிக்கையில் எரியும். பெண்களுள் நால்வரில் மூவருக்கு வாழ்நாளில் ஒரு முறையேனும் இது ஏற்படுகின்றது. ஆண்களுக்கு ஆண்குறியின் முனையில் சிவப்பும் அரிப்பும் காணலாம்.

அக்குள், தொடையிடுக்கு, மார்பின் அடிப்பகுதி ஆகிய மடிப்புகளில் தோல் சிவந்து ஈரமாகி, ஓரங்களில் சிறு கொப்புளங்கள் தோன்றுவதுண்டு. எந்நேரமும் கை நனைந்திருப்போருக்கு விரலிடுக்கில் தோல் வெளுத்து உரியலாம். குழந்தைகளின் நாக்கிலும் கன்னத்தின் உட்புறத்திலும் துடைத்தாலும் எளிதில் போகாத வெள்ளைப் படலம் காணப்பட்டால் அதுவும் பெரும்பாலும் இத்தொற்றே. அதனைப் பால் படிந்தது என்று எண்ணி விட்டுவிடலாகாது.

ஐயம் வேண்டா

மனைவிக்கு இந்நோய் வந்ததும் கணவர் ஐயுறுவதும், கணவருக்கு வந்தால் மனைவி கலங்குவதும் குடும்ப அமைதியைக் குலைக்கும். ஈஸ்ட் தொற்று பால்வினை நோய் வகையைச் சேர்ந்ததன்று. மணமாகாத பெண்ணுக்கும் மூதாட்டிக்கும் அது வரலாம். ஒழுக்கத்திற்கும் இதற்கும் தொடர்பில்லை. தூய்மையாக இருப்போருக்கும் வரும்.

ஆயினும் வெள்ளைப்படுதல் யாவும் ஈஸ்ட் தொற்றாகிவிடாது. கெட்ட நாற்றம், பச்சை அல்லது மஞ்சள் நிறக் கசிவு, அடிவயிற்று வலி, காய்ச்சல், புண், இரத்தக் கசிவு ஆகியவற்றுள் எது தோன்றினாலும் காலந்தாழ்த்தாமல் மருத்துவரைக் காண வேண்டும். முதன்முறையாக இந்நோய் வருவோரும் கருவுற்ற பெண்களும் மருத்துவரைக் கண்ட பின்னரே மருந்து பயன்படுத்துதல் வேண்டும்.

சிகிச்சை

தோலில் தோன்றும் தொற்றுக்குக் குளோட்ரிமசோல் போன்ற களிம்பு தரப்படும். பொதுவாக இரண்டு முதல் நான்கு வாரம் வரை அதனைத் தடவ வேண்டும். மூன்றாம் நாளே அரிப்பு நின்றுவிடலாம். அத்துடன் மருந்தை நிறுத்தினால் எஞ்சிய கிருமி மீண்டும் பெருகும். பெண்களுக்குப் பிறப்புறுப்பினுள் இரவில் வைக்கும் மாத்திரையோ, விழுங்கும் புளுகோனசோல் மாத்திரையோ தரப்படும். கருவுற்றவர்கள் விழுங்கும் மாத்திரையைத் தாமாக உண்ணலாகாது. குழந்தையின் வாய்க்கு நிஸ்டாட்டின் போன்ற சொட்டு மருந்து உண்டு. தாயின் மார்புக் காம்பில் வலியிருப்பின் அதையும் மருத்துவரிடம் கூறுக. புட்டிப்பால் குடிக்கும் குழந்தையாயின் உறிஞ்சு முனையைக் கொதிநீரில் இட்டுத் தூய்மைப்படுத்த வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். ஸ்டீராய்டு கலந்த களிம்புகள் சிவப்பையும் அரிப்பையும் விரைவில் தணிக்கும். நோய் தீர்ந்ததென்று நாம் மகிழ்ந்திருக்க, காளான் கிருமியோ அடங்கிய தோலின் மீது படர்ந்துகொண்டே இருக்கும். நாட்பட்ட பயன்பாடு தோலை மெலியச் செய்யும். ஆகவே, பக்கத்து வீட்டார் கொடுத்த களிம்பைப் பூசாதீர். கிருமிநாசினி கொண்டு பிறப்புறுப்பின் உட்புறத்தைக் கழுவுவதும் தவறு. நல்ல பாக்டீரியாக்கள் அழிந்து நோய் மிகும்.

அன்றாடம் செய்யக்கூடியவை

• வேலை முடிந்து வந்ததும் குளித்து, மடிப்புகளையும் விரலிடுக்குகளையும் நன்கு துடைத்து உலர்த்துக.
• நனைந்த உடையை உடனே மாற்றுக. உள்ளாடை தளர்வான பருத்தித் துணியாக இருத்தல் நன்று.
• துண்டையும் உள்ளாடையையும் வெயிலில் உலர்த்துக. கூச்சங்கருதி அறைக்குள் ஈரமாகவே தொங்கவிட வேண்டா.
• நனைந்த காலணியை உலரவிட்டு அணிக.

மீண்டும் மீண்டும் வந்தால்

மருந்து முடிந்த சில வாரங்களில் நோய் திரும்பத் திரும்ப வருமாயின், இரத்தத்தில் சர்க்கரையின் அளவைச் சோதித்துப் பார்க்க வேண்டும். சர்க்கரை மிகுந்த உடலில் ஈஸ்ட் செழித்து வளரும். நம் நாட்டில் 2023ஆம் ஆண்டு நடைபெற்ற தேசிய சுகாதார ஆய்வின்படி, பெரியவர்களில் ஏறத்தாழ ஆறு பேருக்கு ஒருவர் நீரிழிவு உடையவர். அவர்களுள் தமக்கு நோயிருப்பதையே அறியாதவர்கள் பலர். அவ்வாறு அறியாதிருப்போருக்குச் சில வேளைகளில் இந்த அரிப்பே முதல் அறிவிப்பாக வருகின்றது. அரிப்பை மறைப்பவர், கண்ணையும் சிறுநீரகத்தையும் கெடுக்கவல்ல வேறொரு நோயையும் சேர்த்தே மறைத்துவிடுகிறார்.

கிளினிக் கெசிஹாத்தான் எனப்படும் அரசாங்கச் சுகாதார நிலையங்களில் குடிமக்களுக்கு வெளிநோயாளர் கட்டணம் ஒரு வெள்ளியே. பெண்கள் பெண் மருத்துவரையோ தாதியையோ காண விரும்பினால் பதிவு முகப்பில் கேட்கலாம். "அரிப்பு இருக்கிறது; முன்னரும் வந்தது" என்று கூறினால் போதும். மருத்துவர் இத்தகைய நோயாளிகளை நாள்தோறும் காண்பவர். அவர் முன் கூச வேண்டியதில்லை.