மோட்டார் விசிறி நின்றால் எங்கே பார்ப்பது?

உளுந்தூர்பேட்டையில் சென்னை–திருச்சி நெடுஞ்சாலையோடு சேலத்துச் சாலை வந்து கூடுகிறது. மணிலா வியாபாரமாகவும் சங்க அலுவலாகவும் இச்சாலைகளில் கார் ஓட்டிச் செல்லும் அங்கத்தினர் பலர். ஓட்டத்தில் அமைதியாயிருந்த உஷ்ணமானி முள், சுங்கச்சாவடி வரிசையில் நின்றதும் மேலேறுகிறது; வேகம் பிடித்ததும் இறங்குகிறது. இக்குறி கண்டால் முதலில் ஐயுற வேண்டியது ரேடியேட்டர் விசிறியையே. ஓடும் வண்டிக்கு எதிர்க்காற்று துணை. நிற்கும் வண்டிக்கு விசிறியன்றி வேறு காற்றில்லை. ஓட்டத்திலும் சூடேறுமாயின் பிணி வேறிடத்தில் உள்ளதெனக் கொள்க.

2014இல் உற்பத்தி நின்றுபோன அம்பாசிடரில் இத்தொல்லை இல்லை. எஞ்சின் சுழன்றால் பெல்ட்டின் வழியே விசிறியும் சுழன்றது. 1983 டிசம்பரில் வெளிவந்த மாருதி 800 முதலாக எஞ்சினைக் குறுக்கே பொருத்தும் முறை இங்கே பரவியது. அவ்வமைப்பில் பெல்ட்டு விசிறிக்கு வசதியில்லாமையால் மின்சார விசிறி வந்தது.

மின்சாரம் செல்லும் வழி எளிது. பேட்டரியிலிருந்து ஃபியூஸ், அதன்பின் ரிலே, பிறகு மோட்டார், முடிவில் எர்த். நீரின் சூட்டைச் சென்சார் அறிவிக்க, ரிலே மூடிக்கொள்கிறது.

முதலில் எஞ்சின் ஆறியபின் கூலண்ட் அளவைப் பார்க்க வேண்டும். நீர் குறைந்து சென்சார் வெறுங்காற்றில் நின்றால் அது சூட்டை உணராது. அடுத்து எஞ்சினை ஓடவிட்டு ஏ.சி.யைப் போடுக. பெரும்பாலான வண்டிகளில் அப்பொழுது விசிறி ஓடும். ஓடினால் மோட்டார் நலமே. சென்சாரையும் அதன் கம்பியையும் ஆராய்க. (இரு விசிறி உள்ள வண்டியில் எது ஓடுகிறதென்று கவனிக்க.) ஓடாவிடில் ஃபியூஸைப் பார்க்கலாம். எரிந்திருந்தால் அதே ஆம்பியரில் ஒன்று போடுக. செப்புக் கம்பி சுற்றுவது தீக்கு வழி. புதியதும் எரிந்தால் கம்பி உரசுகிறது, அல்லது மோட்டார் இறுகிவிட்டது. ஃபியூஸ் நன்றாயிருந்தால், அதே எண்ணுள்ள ஹாரன் ரிலேயை மாற்றிப் போட்டுப் பார்ப்பது செலவற்ற சோதனை. அதற்கும் அசையாவிடில் மோட்டாரின் இணைப்பைக் கழற்றி, ஃபியூஸ் கோத்த கம்பியால் பேட்டரியின் 12 வோல்ட்டை நேரே கொடுக்க வேண்டும். அப்பொழுதும் சுழலாதாயின்தான் மோட்டார் பழுது. சில வண்டிகளில் சாவியை எடுத்தபின்னும் விசிறி திடீரெனச் சுழலும். ஆதலால் பேட்டரி இணைப்பைக் கழற்றாமல் இறக்கையில் கை வைக்கலாகாது.

டெஸ்ட் லாம்பை மட்டும் நம்புவோர் ஏமாறுவதுண்டு. விளக்குக்குச் சிறிது மின்னோட்டம் போதும். மோட்டாருக்கோ பத்து ஆம்பியருக்கு மேலும் வேண்டும். துருவேறிய எர்த்தில் விளக்கு எரியும், விசிறி நொண்டும். விசிறிக்கு மின்சாரம் செல்லும்பொழுதே மல்டிமீட்டரால் அளந்தால் உண்மை வெளிப்படும்.

ஒரு சங்கத்துக் கணக்கில், ஒரே கோடையில் இருமுறை மோட்டார் மாற்றிய சீட்டுகளை நாம் கண்டோம். மூன்றாம் பட்டறையில் எர்த் முனையைச் சுரண்டி இறுக்கியதும் வண்டி குணமாயிற்று. அது முதல், கழற்றிய உதிரியையும் சோதனைக் குறிப்பையும் சீட்டோடு கேட்பது நம் வழக்கம். பட்டறைக்காரர் சிலருக்கு இது கசக்கிறது, பணம் அங்கத்தினருடையது.

வழியில் முள் ஏறினால் ஏ.சி.யை நிறுத்தி, ஹீட்டரை முழுதும் திறந்து, ஓரமாக நிறுத்துக. மூடிக்குள் அழுத்தத்திலிருக்கும் நீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதியாதிருக்கும். திறந்த மாத்திரத்தில் பீறிட்டு முகத்தைச் சுடும். எஞ்சின் ஆறும் வரை மூடியைத் தொடாதீர்கள்.