செய்தியறியும் சுயேச்சை

தேச நடப்பைப் பிறர் தயவின்றி அறியக்கூடிய ஜனங்களே சுதந்திரத்தைக் காக்க வல்லவர்கள். 1942 ஆகஸ்டில் தலைவர்களெல்லாம் சிறைப்பட்ட பின்னர், குமாரி உஷா மேத்தாவும் தோழர்களும் பம்பாயில் மறைவாக நடத்திய காங்கிரஸ் ரேடியோ 42.34 மீட்டர் சிற்றலையில் பேசிற்று. நவம்பர் 12-ந் தேதி போலீஸார் அதைப் பிடிக்கும் வரையில், பத்திரிகைகள் அச்சிட இயலாத செய்திகளை ரேடியோப் பெட்டி உடையோர் கேட்டறிந்தனர்.

அந்நிய ஆட்சி போயிற்று; வதந்தியின் ஆட்சி போகவில்லை. தமிழ்நாட்டில் வடநாட்டுத் தொழிலாளர் தாக்கப்படுவதாக 2023 மார்ச்சில் பொய்ப் படங்கள் கைப்பேசி வழியே பரவ, திருப்பூர்ப் பனியன் தொழிலாளர் பீதியுற்றனர். அதைக் கிளப்பியவர் யாரென்று கேட்டவர்களுக்குத் தெரியாது. ரேடியோவிலோ பேசுவோர் இன்னாரென்று தெரியும். பிழை கூறின் பொறுப்பாக்கலாம். 2015 டிசம்பரில் சென்னையை வெள்ளம் சூழ்ந்தபோதும், 2018 நவம்பரில் கஜா புயல் தஞ்சைப் பிரதேசத்தைச் சூறையாடியபோதும், மின்சாரத்துடன் கைப்பேசியும் பல இடங்களில் ஓய்ந்தது. ஆகையால் ஊத்துக்குளி போன்ற ஊர்களில் வீட்டுக்கொரு பாட்டரி ரேடியோ இருத்தல் அவசியம்.

எதைப் பார்த்து வாங்குவது? பளபளப்பையன்று. முதலாவது, பெட்டிக்கடையிலும் கிடைக்கும் சாதாரணப் பாட்டரிக் கட்டையில் அது இயங்கவேண்டும். மின்சாரமேற்றும் பாட்டரி மட்டும் உள்ள பெட்டி, மின்சாரம் நெடுநாள் நின்றால் தானும் நின்றுவிடும். இரண்டு வசதியும் இருப்பின் உத்தமம்.

இரண்டாவது, பண்பலையுடன் மத்திய அலையும் வேண்டும். பண்பலை தெளிவானது, ஆயினும் ஏறக்குறைய நேர்கோட்டில் செல்வதால் குன்றும் கட்டிடமும் தடுக்கும். கோடைக்கானல் நிலையம் மலைமேல் இருப்பதாலேயே தொலைவிலுள்ள சமவெளிகளிலும் கேட்கிறது. மத்திய அலை இரவில் வானமண்டலத்தில் பட்டுத் திரும்பி, தூர நிலையங்களையும் கொணரும். அவ்வொலிபரப்பு பல ஊர்களில் நிறுத்தப்பட்டுவிட்டது உண்மையே. எனினும் எஞ்சியதை இழப்பானேன்? சிற்றலைக்கென்று அதிக விலை தருவது இன்று அவசியமன்று, பி.பி.சி. தமிழோசையின் சிற்றலை ஒலிபரப்பே 2017-ல் நின்றுபோயிற்று.

மூன்றாவது, வாங்குமுன் அந்தி வேளையில் வீட்டிலேயே வைத்துச் சோதிக்கவேண்டும். தறி மோட்டாரும் எல்.இ.டி. விளக்கும் மத்திய அலையில் இரைச்சல் உண்டாக்கும். பெட்டியைச் சற்றே திருப்பினால், உள்ளிருக்கும் ஏரியல் தண்டு திசை மாறி ஒலி தெளியும். உபயோகியாத காலத்தில் கட்டைகளைக் கழற்றி வைப்பது நலம். கசிந்தால் பெட்டி கெடும்.

ஆயினும் நல்ல பெட்டி மட்டும் போதாது. தனியார் பண்பலை நிலையங்கள் சொந்தமாகச் செய்தி கூறச் சர்க்கார் நெடுங்காலமாக இடந்தரவில்லை. மணிக்குப் பத்து நிமிஷம் அனுமதிக்கலாமென்று 2023-ல் டிராய் ஆணையம் சிபாரிசு செய்தது. பத்திரிகைக்கு உள்ள உரிமை ரேடியோவுக்கு ஏன் கூடாது? பெட்டியை வாங்குவோர் இந்தக் கேள்வியையும் விடாது கேட்பார்களாக!