ஒரு பானைச் சோற்றுக்கு எத்தனை சோறு பதம்?

'வானம் ஏன் நீலமாகத் தெரிகிறது?' என்று கைப்பேசியில் தேடுகிறீர்கள். ஒரு நொடிக்குள் ஒரு பட்டியல் வந்து நிற்கிறது. அதில் முதல் இரண்டு மூன்று தளங்களைத்தான் திறந்து பார்ப்பீர்கள். ஐம்பதாவதாக நிற்கும் தளம், எவ்வளவு நன்றாக எழுதப்பட்டிருந்தாலும், உங்களைப் பொறுத்தவரை இல்லாததற்குச் சமம். அப்படியானால் இந்த வரிசை எதைக் கொண்டு அமைகிறது?

1990-களின் நடுவில் இருந்த தேடுபொறிகள் பெரும்பாலும் சொற்களையே எண்ணின. 'வானம்' என்ற சொல் ஒரு பக்கத்தில் பலமுறை வந்தால், அது வானத்தைப் பற்றிய பக்கம் என்று முடிவு கட்டின. இதை ஏமாற்றுவது எளிது அல்லவா? வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக ஒரே சொல்லை நூறு தடவை எழுதி வைத்தார்கள் சிலர். நம் கண்ணுக்கு அது தெரியாது. எண்ணுகிற கணிப்பொறிக்குத் தெரியும்!

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆராய்ச்சி மாணவர்களான லாரி பேஜும் செர்கே பிரினும் 1998-இல் வேறோர் அளவுகோலை முன்வைத்தார்கள். ஒரு பக்கம் தன்னைப் பற்றி என்ன சொல்லிக்கொள்கிறது என்று மட்டும் பார்த்தால் போதாது. மற்றப் பக்கங்கள் அதைச் சுட்டிக்காட்டுகின்றனவா, சுட்டிக்காட்டும் பக்கத்துக்கு என்ன மதிப்பு என்றும் பார்க்க வேண்டும்.

இதைத் தாளும் பென்சிலும் கொண்டு நீங்களே செய்து பார்க்கலாம். க, ச, த என்று மூன்று பக்கங்கள். க என்ற பக்கத்திலிருந்து ச, த இரண்டுக்கும் இணைப்பு உண்டு. ச-விலிருந்து த-வுக்கும், த-விலிருந்து க-வுக்கும் ஒவ்வோர் இணைப்பு. நூறு பேரை எப்படி வேண்டுமானாலும் இவற்றில் நிறுத்துங்கள். மணி அடித்ததும் ஒவ்வொருவரும் ஓர் இணைப்பின் வழியே நகர வேண்டும். இரண்டு வழி இருந்தால் பாதிப் பேர் இங்கே, பாதிப் பேர் அங்கே. பல தடவை மணி அடித்த பிறகு க-வில் 40, ச-வில் 20, த-வில் 40 என்று ஏறத்தாழ நிலைத்துவிடும். சரிபாருங்கள்: க-வின் 40 பேரில் 20 பேர் ச-வுக்கும் 20 பேர் த-வுக்கும் போகிறார்கள், ச-வின் 20 பேரும் த-வுக்கு வருகிறார்கள், த-வின் 40 பேரும் க-வுக்குத் திரும்புகிறார்கள். மீண்டும் அதே 40, 20, 40! க-வைச் சுட்டுவது ஒரே ஒரு பக்கம்தான். ஆனால் அந்த ஒன்று த. அதற்கு மதிப்பு மிகுதி. அதனால் க-வுக்கும் மதிப்பு மிகுதி. பேஜ்ரேங்க் என்ற முறையின் அடிப்படை இதுதான். கூகுள் வளர்ந்தது இதன் மேல்தான்.

பத்தாண்டு கழிந்ததும் புதுத் தொல்லை ஒன்று முளைத்தது. மக்கள் எவற்றையெல்லாம் தேடுகிறார்கள் என்று பார்த்து, ஒவ்வொன்றுக்கும் அவசர அவசரமாக ஒரு கட்டுரை எழுதிக் குவிக்கும் தளங்கள் தோன்றின. கட்டுரைத் தொழிற்சாலைகள் என்று அவற்றைச் சொல்லலாம். நோக்கம் விளம்பர வருமானம். அவற்றின் ஒரு பக்கத்தைத் தனியாக எடுத்துப் பார்த்தால் பெரிய குற்றம் சொல்ல முடியாது. ஆயிரம் பக்கங்களைச் சேர்த்துப் பார்த்தால்தான் சங்கதி விளங்கும்.

எனவே கூகுள் தளத்தையே மொத்தமாக எடை போட முனைந்தது. முதலில் பல தளங்களை மனிதர்களிடம் காட்டிக் கேள்வி கேட்டார்கள். 'இந்தத் தளம் சொல்லும் மருந்தை உங்கள் குழந்தைக்குக் கொடுப்பீர்களா?' என்பது அவற்றில் ஒன்று. எவ்வளவு கூர்மையான கேள்வி, பாருங்கள்! பிறகு, மனிதர்கள் நம்பிய தளங்களையும் நம்பாத தளங்களையும் பிரித்துக்காட்டும் அடையாளங்களைக் கணிப்பொறி கண்டுபிடிக்குமாறு செய்தார்கள். இதற்குப் பாண்டா என்று பெயர். மூங்கில் தின்னும் விலங்கை எண்ணி வைத்த பெயர் அல்ல. இதில் முக்கியப் பங்காற்றிய பொறியாளரின் பெயர் அது. 2011 பிப்ரவரியில் இது அமெரிக்காவில் நடைமுறைக்கு வந்தபோது, நூறு தேடல்களில் ஏறத்தாழ 12-இல் வரிசை குறிப்பிடத்தக்க அளவு மாறியது.

ஒரு தளத்தின் சில பகுதிகள் தரக்குறைவாக இருந்தாலும், முழுத் தளத்தின் இடமும் இறங்கக்கூடும் என்று கூகுள் அப்போது வெளிப்படையாகவே அறிவித்தது. மோசமான பக்கங்களை நீக்குங்கள், அல்லது திருத்துங்கள் என்றும் சொன்னது. பக்கங்களைக் குறைத்தால் தளம் உயரலாம் என்பது விந்தைதானே!

இங்கே நீங்கள் ஓர் ஆட்சேபம் எழுப்ப வேண்டும். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது ஏன் சரி? ஒரே அரிசி, ஒரே தண்ணீர், ஒரே அடுப்பு. இணையதளம் அப்படியா? பத்துப் பேர் எழுதுகிற தளத்தில் ஒன்பது பேர் அரைகுறையாக எழுத, ஒருவர் மட்டும் கடல் ஓதத்தைப் பற்றிப் பாடுபட்டு எழுதியிருக்கலாம். மற்றவர் பிழைக்கு அவர் ஏன் கீழே போக வேண்டும்?

நியாயமான கேள்வி. ஆனால் தேடுபொறியின் நிலையையும் பாருங்கள். புதிதாக வந்த ஒரு பக்கத்தைப் பற்றி அதற்குச் சான்று அதிகம் கிடையாது. அதே தளத்தில் ஏற்கெனவே பார்த்த நூறு பக்கங்களில் 95 மோசம் என்றால், அடுத்ததும் மோசமாக இருக்கும் என்று ஊகிப்பது நிகழ்தகவுக் கணக்குப்படி சரியே. அந்தப் பக்கத்துக்கென்று தனிச் சான்று வந்த பிறகும் பழைய ஊகத்தையே பிடித்துக்கொண்டிருந்தால்தான் தவறு என்பது என் கருத்து. 2022 ஆகஸ்டில் பயனற்ற பக்கங்கள் மலிந்த தளங்களை மொத்தமாகத் தாழ்த்தும் இன்னொரு முறையைக் கொண்டுவந்தபோது, வேறு வலுவான சான்றுகள் இருந்தால் அத்தகைய தளத்தின் நல்ல பக்கம் மேலே வரலாம் என்று கூகுளும் சொன்னது. 2024 மார்ச்சில் அம்முறை முதன்மைக் கணிப்பு முறைக்குள்ளேயே சேர்க்கப்பட்டுவிட்டது.

கெட்ட பெயர் நல்ல பக்கத்தை இறக்குமானால், நல்ல பெயர் மட்டமான பக்கத்தை ஏற்றிவிடாதா? ஏற்றிவிடும், சிலர் அதைக் கண்டுகொண்டார்கள். பல்லாண்டு உழைத்துப் பெயர் வாங்கிய செய்தித் தளங்களின் ஒரு மூலையை வாடகைக்குப் பிடித்து, தள்ளுபடிச் சீட்டுகளையும் தரமற்ற பொருள் மதிப்புரைகளையும் அங்கே நிரப்பினார்கள். நாணயமான வீட்டின் திண்ணையில் உட்கார்ந்து போலிச் சரக்கு விற்பது போல. 2024 மார்ச்சில் இதற்குத் தடை அறிவித்த கூகுள், மே மாதம் முதல் அத்தகைய மூலைகளைத் தேடல் வரிசையிலிருந்து அகற்றத் தொடங்கியது.